தலைக்குள் ஒரு சூடான மூலை

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடங்களாகச் சிங்கப்பூரில் ஓர் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில், வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எங்கள் இருவரையும் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக, இடது பக்க இருக்கையில் காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்திருந்தேன். திட்டுவதில் எனக்கு நல்ல பெயர். என்னிடம் படித்துத் தேறியவர்கள் இன்றும் தேக்கா சந்தையில் என்னைப் பார்த்தால் தள்ளுவண்டியை நேராக்கிக்கொள்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளமெண்டியிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு வகுப்பு. ஐம்பது வயது, வங்கியில் பெரிய பதவி, தேர்வில் மூன்று முறை தோற்றவர். அன்றும் சிக்னல் போடாமல் தடம் மாறினார். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். வாய் திறந்தது, சொல் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது தொண்டைக்கு வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. வலது கன்னம் தானாக இழுத்துக்கொண்டது. பிரேக்கை மிதிக்கலாமா என்று யோசித்தேன். கால் யாருடையதோ போல இருந்தது.

இரண்டு நிமிடம் இருக்கலாம். அந்த இரண்டு நிமிடமும் அந்த அம்மா தன் வாழ்நாளிலேயே மிக அழகாக ஓட்டினார். கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், பாதசாரிக்காக நின்றார். ஓரமாக நிறுத்தியபின் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"டீச்சர், இன்னைக்கு நீங்க திட்டவே இல்ல லா. நான் இம்ப்ரூவ் ஆயிட்டேன்தானே?"

அந்த மாதமே அவர் தேறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் மூளைக் கட்டியால் பயனடைந்த முதல் ஆள் அவர்தான்.

மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்துப் பார்த்ததில் இடது முன்பக்கத்தில், பேச்சுக்கான இடத்தை ஒட்டி, மங்கலாக ஒரு திட்டு. மூளை அறுவை மருத்துவர் ஒரு சின்ன உருவப் பெண்மணி. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பதுபோல் ஆங்கிலத்தில் பேசுவார். இது மெதுவாக வளரும் வகைபோல் தெரிகிறது, இப்போதே கத்தி வைத்தால் பேச்சு போகலாம், வைக்காவிட்டால் என்றாவது ஒருநாள் இது குணம் மாறி வேகமாக வளரும் வகையாகலாம் என்றார். வலிப்புக்கு மாத்திரை கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் கண்காணிப்போம் என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் சற்று உரக்கச் சொன்னார்.

என் கணவருக்குத் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. எந்தக் கப்பல் எந்த நேரம் துறைமுகத்துக்கு வரும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் ஒரு கப்பல்கூட அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. ஆனாலும் மனிதருக்கு நம்பிக்கை குறையவில்லை.

"டாக்டர், எப்போ மாறும்? ஒரு எஸ்டிமேட் போதும்" என்றார் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு.

"சொல்ல முடியாது."

"மாதக் கணக்கா, வருடக் கணக்கா?"

"சொல்ல முடியாது" என்றார் மருத்துவர், அதே குரலில்.

கணவர் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதைச் சுற்றி வட்டமும் போட்டுக்கொண்டார்.

மருத்துவருக்குச் சொல்லத் தெரியாததை மற்ற எல்லாருக்கும் சொல்லத் தெரிந்திருந்தது. 'மெதுவாக' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு என் சொந்தக்காரர்கள் என்னை வாழ்த்தினார்கள். என் நாத்தனார், கணவரின் அக்கா, பிடோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி இருப்பவர், விஷயத்தைக் கேட்டதும் கையை வீசினார்.

"ஸ்லோதானே? அப்ப ஒண்ணும் இல்ல. எங்க புளோக் லிஃப்ட்கூட ஸ்லோதான். நாங்க போய்ட்டு வந்துட்டுத்தானே இருக்கோம்?"

அவரே என்னைச் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜோதிடரிடம் இழுத்துப் போனார். ஜோதிடர் கணினியில் என் பிறந்த நேரத்தைத் தட்டி, மூன்று பக்கம் அச்செடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்: "இந்த அம்மாவுக்குத் தலை விஷயத்துல நல்ல வளர்ச்சி இருக்கு." நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாத்தனார் என் தொடையைக் கிள்ளினார். அவர் சொன்னது பதவி உயர்வாம்.

பதவி நிஜமாகவே மாறியது. வண்டியிலிருந்து இறக்கி அலுவலக முகப்பில் உட்கார வைத்தார்கள். படிவம் வாங்கினேன், முத்திரை குத்தினேன். பதினெட்டு வருடத் திட்டுகள் உள்ளேயே தேங்கிக் கிடந்தன.

நான்கு வருடம் இப்படிப் போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் படுப்பேன், அது காதருகே சாலை போடுவதுபோல இடிக்கும், வெளியே வந்தால் "ஸ்டேபிள்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கணவர் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். இருபது கும்பிடு வரும். அத்தோடு எல்லாரும் ஆறு மாதத்துக்கு என் தலையை மறந்துவிடுவார்கள், நாத்தனாரைத் தவிர. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் விதம் ஒன்றே: "இது என் தம்பி பொண்டாட்டி. இவளுக்குத்தான் தலையில..." அந்த இடத்தில் குரல் தேயும். கேட்பவர்களின் கண் என் நெற்றிக்கு ஏறும். சிலர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பின்மண்டையையும் பார்ப்பார்கள், வெளியே ஏதாவது தெரிகிறதா என்று. நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, உளுந்து வடை நன்றாக இருக்கிறது என்பேன்.

ஒன்பதாவது படத்தில் மருத்துவர் "ஸ்டேபிள்" என்று சொல்லவில்லை. "பெரும்பாலும் ஸ்டேபிள்" என்றார்.

"பெரும்பாலும்னா?" என்றார் கணவர்.

முன்பக்க ஓரம் கொஞ்சம் தடித்ததுபோல் இருக்கிறது, இல்லாமலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். இந்தப் படம் கட்டியின் உருவத்தைத்தான் காட்டும், அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டாது. வேறொரு வகை ஸ்கேன் இருக்கிறது, அணு மருத்துவப் பிரிவில். எங்கள் மருத்துவமனையில் அதை ஓர் ஆய்வாக இப்போதுதான் செய்து பார்க்கிறோம், சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்.

'அணு' என்ற சொல்லைக் கேட்டதும் கணவரின் முகம் போன போக்கைப் படம் பிடித்து வைத்திருக்கலாம். வீடு வரும்வரை ரயிலில் அவர் அணுகுண்டு விழுந்த ஊர்களைப் பற்றியே பேசினார். "வேண்டாம்மா. இருக்கிற தலைவலி போதாதா?" என்றார். எனக்குத் தலைவலியே கிடையாது. அவருக்குத்தான் இருந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன். துணிச்சல் என்று யாராவது நினைத்தால் தவறு. நான்கு வருடமாக 'பார்க்கலாம்' என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். சந்திப்பில் நின்றுகொண்டு போகலாமா வேண்டாமா என்று வண்டியை உறுமவிட்டுக்கொண்டே இருக்கும் மாணவர்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்!

அணு மருத்துவப் பிரிவு நிலவறையில் இருந்தது. அங்கிருந்த மருத்துவர் எங்கள் பக்கத்து ஆள், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். மெலிந்த, அறுபதை நெருங்கும் மனிதர். மேசையில் ஆறிப்போன தே-ஓ, பால் சேர்க்காத தேநீர்.

"நியூக்கிளியர்னு போர்டுல பாத்ததும் பயந்துட்டீங்களா?" என்றார்.

"நான் பயப்படல. இவர்தான்" என்றேன். கணவர் நோட்டைத் திறந்தார்.

அவர் பொறுமையாகச் சொன்னார். கட்டி வளர வேண்டுமானால் அதற்குப் புரதம் கட்டும் பொருள் வேண்டும். அந்தப் பொருளிலேயே கதிர்வீசும் ஒரு துளியை ஒட்டி ஊசியில் ஏற்றுவார்கள். மூளையில் யார் அதை அள்ளித் தின்கிறார்கள் என்று இயந்திரம் நாற்பது நிமிடம் வேடிக்கை பார்க்கும். "எவ்வளவு தின்னுதுங்கிறது மட்டும் இல்லம்மா. எவ்வளவு அவசரமா தின்னுதுன்னும் பாக்கணும். மெதுவா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே இருந்தா ஒரு ரகம். வந்தவுடனே வாரிப் போட்டுக்கிட்டு எழுந்து போச்சுன்னா இன்னொரு ரகம். அந்த ரெண்டாவதுதான் தொந்தரவு."

எனக்குக் கல்யாணப் பந்தி கண்முன் வந்தது. முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்து ஓடும் என் கணவரைப் பார்த்தேன். அவர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்போ இதைப் பாத்துட்டு எப்போ மாறும்னு சொல்லிடுவீங்களா, டாக்டர்?"

"தேதி சொல்ல மாட்டேன். எந்த மூலையைக் கவனிக்கணும்னு சொல்லலாம். அதுவும் தப்பாப் போகலாம்."

நான்கு வருடத்தில் என்னிடம் எதிர்காலம் பேசியவர்களில், தப்பாகலாம் என்று முன்கூட்டியே சொன்ன ஒரே மனிதர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஸ்கேன் அன்று பட்டினியாக வரச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்குப் போய்விட்டோம். பத்தரை வரை யாரும் கூப்பிடவில்லை. கேட்டால், மருந்து வரவில்லை என்றார்கள். அந்த மருந்து அன்றன்று காலையில் வேறோர் இடத்தில் தயாராகி ஈயப் பெட்டியில் வண்டியில் வர வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் வீரியம் குறைந்துகொண்டே இருக்கும், நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. வண்டி விரைவுச்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது.

"டிரைவர் யாரு?" என்றேன்.

"ஏம்மா?" என்றாள் தாதி.

"என்கிட்ட கத்துக்கிட்டவனா இருந்தா இந்நேரம் வந்திருப்பான்."

தாதி சிரிக்கவில்லை. பசியில் நானும் சிரிக்கவில்லை. பதினொரு மணிக்கு ஊசி போட்டார்கள். நாற்பது நிமிடம் தலையை அசைக்காமல் படுத்திருந்தேன். இந்த இயந்திரம் இடிக்கவில்லை, அமைதியாக இருந்தது. என் தலைக்குள் எதுவோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் பட்டினி என்று தோன்றியபோது கோபம் வந்தது. அதற்குப் பின்னால் பயம் வந்தது, இந்த நான்கு வருடத்தில் முதல்முறையாக. கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கக் கூடாது.

வெளியே வந்ததும் தாதி சொன்னாள்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், இன்று இரவு வரை கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கம் போகாதீர்கள், நாளைக்கு ஒன்றும் இருக்காது.

மாலையில் நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த வாரம் அவர் மகளுக்கு வளைகாப்பு. "சீக்கிரமே வந்துடு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நிறைய பேர் வர்றாங்க, உன்னை எல்லாருக்கும் இன்ட்ரோடியூஸ் பண்ணணும்" என்றார்.

என் வாய் எனக்கு முன்னால் பேசியது. "அக்கா, எனக்கு நியூக்கிளியர் ஊசி போட்டிருக்காங்க. மாசமா இருக்கிறவங்க பக்கத்துல போகக் கூடாதாம்."

"ஐயோ! எத்தனை நாளைக்கு?"

"மூணு மாசம்."

எதிரே உட்கார்ந்திருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்த மூன்று மாதம்போல் நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. வளைகாப்பு இல்லை, சீர் இல்லை, வீடு குடிபோகும் விருந்து இல்லை. செய்தி பரவி, பிடோக்கில் எங்கள் புளோக்கின் கீழே தெரிந்தவர்கள் லிஃப்டில் என்னோடு ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். நாத்தனார் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை எவர்சில்வர் தூக்கில் மீன் குழம்போ இடியாப்பமோ கொண்டுவந்து வாசல் இரும்புக் கதவில் மாட்டிவிட்டு, நாலு வீடு தள்ளிப் போய் நின்று தொலைபேசியில் கூப்பிடுவார். "மாட்டியிருக்கேன். நான் போனதும் எடுத்துக்கோ." தாழ்வாரத்தின் கோடியில் அவர் நிற்பது எனக்குத் தெரியும். கை அசைப்பார். நானும் அசைப்பேன்.

இதற்கு நடுவில் முடிவு வந்துவிட்டது. நிலவறை மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிற மூளையில் என் கட்டி முழுவதும் மந்தமாக ஒரு நிறம், பின்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு மஞ்சளும் சிவப்பும்.

"இந்த மூலை சூடா இருக்கும்மா. வேகமா எடுத்துட்டு, வேகமா இறங்கிடுச்சு. பாக்கியெல்லாம் சும்மா இருக்கு. இது மட்டும் சும்மா இல்லைன்னு எனக்குத் தோணுது."

"தோணுதா, தெரியுதா?" என்றார் கணவர்.

"தோணுது" என்றார் அவர். "தெரியணும்னா அந்த இடத்துலேருந்து எடுத்துப் பாக்கணும்."

இனி காத்திருக்க வேண்டாம் என்று இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து சொன்னார்கள். அறுவைக்கு நடுவில் என்னை விழிக்க வைத்துப் பேசச் சொல்வார்களாம், பேச்சுக்கான இடத்தை வெட்டிவிடாமல் இருக்க. இதற்கென்று ஒரு படக்கட்டு வைத்திருந்தார்கள். ஒத்திகையில் காட்டினார்கள். பனிமனிதன், பனிச்சறுக்கு வண்டி, குளிர்கால அடுப்பு. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நான் இதையெல்லாம் எங்கே பார்த்தேன்?

"நான் தமிழில் திட்டுபவள். தமிழையும் சோதியுங்கள்" என்றேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வார்டிலிருந்து திருச்சிக்காரத் தாதி ஒருத்தியைக் கடன் வாங்கினார்கள்.

மண்டையைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவது எப்படி இருக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வலி இல்லை, குளிர் இருந்தது. முகத்துக்கு நேரே அந்தத் தாதி படங்களைத் தூக்கிக் காட்டினாள். "இது என்னங்கம்மா?" குடை. "இது?" கத்தரிக்கோல். "இது?" யானை. அடுத்து ஒரு பூட்டு. எனக்குப் பூட்டு தெரிந்தது, சாவி தெரிந்தது, சொல் மட்டும் இல்லை. மேலே மருத்துவர் மூளையில் தொட்டுக்கொண்டிருந்த மின்கம்பியை எடுத்ததும் அது வந்துவிட்டது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு காகிதச் சீட்டு வைத்து அங்கே தொடக் கூடாது என்று குறித்துக்கொண்டாராம். என் தமிழ், தபால்தலை அளவுக்கு ஒரு காகிதத்தின் கீழே பத்திரமாக இருந்தது. பிறகு ஏதோ ஒரு படத்துக்கு நான் நீளமாக ஒரு வசவைச் சொன்னேனாம். தாதி திகைத்து நிற்க, "சரியான பதிலா?" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். "பதில் தப்பு, டாக்டர். தமிழ் சரி" என்றாளாம் அவள்.

மூன்றாம் நாள் நாத்தனார் வார்டுக்கு வந்தார். தலையில் கட்டோடு படுத்திருந்தவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராகப் படுக்கையிலேயே உட்கார்ந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. சொற்கள் இன்னும் தடுக்கின.

"அக்கா... அந்த மூணு மாசம்... பொய்."

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கே. என் மக அஞ்சு நிமிஷத்துல கூகிள்ல பாத்துட்டா. ஒரு நாள்தான்னு போட்டிருந்துச்சு." தலையணையைச் சரிசெய்தார். "'அத்தைக்கு வர்றதுக்குப் பிடிக்கலம்மா, நீங்க எல்லார்கிட்டயும் அவங்க தலையைப் பத்தியே பேசுறீங்க'ன்னு என்னைத் திட்டினா. சரி, கொஞ்ச நாள் விட்டுடுவோம்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் நாலு வீடு தள்ளி நின்னீங்க?"

"நீ சொன்ன பொய்க்கு நான் மரியாதை கொடுக்க வேணாமா?"

நான்கு வருடமாக அவரைக் கேலி செய்தே பொழுது போக்கியவள் நான். அன்று கேலி எதுவும் கைக்கு வரவில்லை. அப்போது பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு மலாய் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நாத்தனார் உடனே அந்தப் பக்கம் திரும்பி, மலாயில், இது என் தம்பி மனைவி, இவளுக்குத்தான் தலையில் என்று ஆரம்பித்தார். எனக்கு மூச்சு சீரானது.

பரிசோதனை முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. கட்டியின் பெரும்பகுதி பழைய சோம்பேறிதான். அந்தச் சூடான மூலை மட்டும் ஒரு படி மேலே போயிருந்தது. வழக்கமான படத்தை மட்டும் நம்பி முன்பக்கத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துச் சோதித்திருந்தால், எல்லாம் மெதுவாகவே இருக்கிறது என்று இன்னும் ஆறு மாதத்துக்கு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டார்கள். காகிதச் சீட்டின் கீழே இருந்ததை விட்டுவைத்தார்கள். பிறகு கதிர்வீச்சு, மாத்திரை, வாந்தி, முடி உதிர்தல். அதைப் பற்றியெல்லாம் எழுதினால் யாருக்கும் சுவைக்காது, எனக்கும்தான்.

சுவையானது வேறு. அதன்பின் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் முன்கூட்டியே அறிந்தவர்கள் ஆனார்கள். அணு என்றதும் வெளிறிப்போன கணவர், ஒரு கல்யாண மண்டபத்தில் பிரியாணிக்கு நடுவில், "நான்தான் அந்த ஸ்கேனை எடுத்தே ஆகணும்னு நின்னேன்" என்றார். ஜோதிடர், தான் சொன்ன வளர்ச்சி இதுதான் என்று சொல்லி அனுப்பினார். தன் முழங்கால் வலிக்கும் அந்த ஸ்கேனை எடுத்தால் என்ன என்று ஓர் உறவினர் என்னிடம் விசாரித்தார். நிலவறை மருத்துவரைப் போய்ப் பார்த்து நன்றி சொன்னபோது அவர் மட்டும், "இந்தத் தடவை சரியா இருந்துச்சு" என்றார்.

இரண்டு வருடமாகிறது. வண்டி இனி இல்லை. பயிற்சி நிலையத்தில் தமிழில் சாலை விதி வகுப்பு எடுக்கிறேன். லாரி ஓட்டும் உரிமத்துக்காகப் படிக்க வரும் ஊழியர்கள், பெரும்பாலும் புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைத்த சட்டையோடு வந்து உட்காருகிறார்கள். பேச்சு திரும்பிவிட்டது, எல்லாம் இல்லை. போன வாரம் பாடத்தின் நடுவில் ஒரு சொல் நின்றுவிட்டது. கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினேன்.

"ஸ்டியரிங்கா மேடம்?" என்றார் முன்வரிசைக்காரர்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"டயரா?"

"ரவுண்டானாவா?"

அதுதான். ஆனால் அதற்குள் எனக்கு எரிச்சல் வந்து, முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று அவர்களைத் திட்டத் தொடங்கினேன். திட்டு மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "மெதுவா சொல்லுங்க மேடம், எங்களுக்கு டெஸ்ட் அடுத்த மாசம்தான்" என்றார்.